துர்சுனையின் முட்டைச் சட்டம்

எங்கள் மலையூர் சாரிமொகோலில் ஒரு பெண் மருமகளாக வர வேண்டுமென்றால் மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா, பள்ளிவாசல் முல்லா, அப்புறம் துர்சுனை. முதல் இரண்டு பேரை ஒரு ஆட்டைக் காட்டிச் சரிக்கட்டிவிடலாம். துர்சுனையிடம் அந்தப் பருப்பு வேகாது. அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு அவித்த முட்டையை உரித்துக் காட்ட வேண்டும். இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. முப்பது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

துர்சுனை எங்கள் தபால் நிலையத்துத் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். யார் வீட்டு ரகசியமும் அவள் காது வழியாகத்தான் கணவாயைத் தாண்டிப் போகும், வரும். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டும் அவள் ஒருவரைப் பற்றியும் வம்பளந்ததில்லை. அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனுஷர் பேச்சின் மேல் சுத்தமாக நம்பிக்கை போய்விட்டது. "வாய் என்ன வேணா சொல்லும். நான் கையத்தான் பாப்பேன்" என்பாள். கையைப் பார்ப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் முட்டை.

எங்கள் ஊர்க் குளிரில் கோழி தாக்குப்பிடிக்காது. முட்டை மலைக்குக் கீழே இருக்கும் ஓஷ் நகரத்திலிருந்து லாரியில் வர வேண்டும். தால்திக் கணவாயில் பனி கொட்டினால் லாரி அங்கேயே இரண்டு நாள் நிற்கும். அப்புறம் கடைக்காரர் கிடங்கில் ஒரு வாரம், பத்து நாள் கிடந்துவிட்டுத்தான் நம் சட்டிக்கு வரும். அத்தனை பாடுபட்டு வந்து சேர்ந்த முட்டையைப் புலாவின் மேல் வைக்கும்போது அது முழுசாக, வழவழவென்று இருக்க வேண்டாமா? பள்ளமும் மேடுமாக ஒரு முட்டை தட்டில் இருந்தால் விருந்தாளி வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார்.

எனவே கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முட்டை துர்சுனையின் பொறுப்பு. அவள் கடிகாரம் பார்ப்பதில்லை. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு, வறட்டி அடுப்பில் ஏற்றுவாள். கொதி வந்ததும் உப்பும் பாலும் சேர்த்த தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவாள். மூன்று கிண்ணம் நிதானமாகக் குடித்து முடிக்க வேண்டும். மூன்றாவது கிண்ணம் காலியானதும் முட்டையை ஓடைத் தண்ணீருக்கு மாற்றுவாள். ஆறியதும் அடிப்பக்கம் ஒரு தட்டு, தரையில் ஒரு உருட்டு, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. ஓடு குல்லாயைக் கழற்றுகிற மாதிரி கழன்று வரும். ஐம்பது முட்டை என்றாலும் ஐம்பதும் அப்படியே. பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

கைப்பக்குவம் என்று அத்தோடு விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. துர்சுனை அதற்குத் தத்துவம் வைத்திருந்தாள். மனசில் கள்ளம் இருந்தால் விரல் நடுங்குமாம், விரல் நடுங்கினால் ஓடு சதையைப் பிடித்துக்கொள்ளுமாம். கால்நடை வைத்தியர் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் உரித்த முட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஆறு மாசத்துல தனிக்குடித்தனம் போயிடுவா" என்றாள். மாமியாருக்கு அன்று முதல் அந்தப் பெண் நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம். நாலே மாதத்தில் அது மூட்டை கட்டிக்கொண்டு போனது. துர்சுனை சொன்னால் தப்பாது என்று ஊர் பேசிக்கொண்டது.

இப்படிப்பட்டவளின் ஒரே மகன் எல்சார், மின்சார அலுவலகத்தில் வேலை. இருபத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க ஓஷிலிருந்து குல்சினா என்று ஒரு பெண் வந்தாள். அவள் வந்த மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்து ஹீட்டர் வாரத்துக்கு மூன்று தடவை பழுதாகத் தொடங்கியது. எல்சார்தான் போய்ச் சரிசெய்வான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அந்த ஹீட்டர் தும்மியதுகூட இல்லை. ஊரே சிரித்தது. துர்சுனைக்குத் தெரிந்தபோது அவள் சிரிக்கவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டு வா, தேநீர் குடிக்கட்டும்" என்றாள்.

தேநீரோடு என்ன வரும் என்று எல்சாருக்குத் தெரியாதா?

குல்சினா வந்தாள். வாசலிலேயே சாலியா உட்கார்ந்திருந்தாள். சாலியா துர்சுனைக்கு நாத்தனார், எந்தத் தீர்ப்புக்கும் சாட்சி வேண்டுமல்லவா. அடுப்பில் தண்ணீர், பக்கத்தில் ஆறு முட்டை.

"எங்க வீட்டுல இது ஒரு வழக்கம்மா. நீயே அவிச்சு உரிச்சுக் குடு" என்றாள் துர்சுனை.

அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன சூது இருக்கிறது என்று தெரியாது. அம்மா வீட்டில் செய்வது போலவே செய்தாள். தண்ணீர் கொதித்ததும் முட்டையைப் போட்டாள், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் விட்டாள், எடுத்தாள். உரிக்க ஆரம்பித்ததும் வெள்ளைக்கரு கொழகொழவென்று ஓட்டோடு பிய்ந்துகொண்டு வந்தது. மூன்றாவது முட்டையில் மஞ்சள் கருவே விரலில் வழிந்தது. சாலியா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

"இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிடுது அத்தை. ஆனா அந்தக் கொதிக்கு ஓஷ்ல இருக்குற சூடு இல்ல. மலை மேல அப்படித்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கணும்" என்றாள் குல்சினா. அவளுக்கு முகம் சிவந்திருந்தது.

"தண்ணி மேல பழியா?" என்றாள் துர்சுனை. "கொதிக்கிற தண்ணியில ஏதும்மா சூடு கம்மி, சூடு ஜாஸ்தி? முப்பது வருஷமா நானும் இதே தண்ணியிலதான் அவிக்கிறேன்."

"நெஜமாத்தான் சொல்றேன் அத்தை. ஒரு வெப்பமானி கொண்டு வந்து காட்டட்டுமா?"

"வேணாம்மா. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

அவ்வளவுதான் தீர்ப்பு. அந்த வேனிலில் குல்சினா மாற்றல் வாங்கிக்கொண்டு ஓஷுக்கே போய்விட்டாள். ஹீட்டர் குணமாகிவிட்டது. எல்சார் மட்டும் குணமாகவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டான், "ஏம்மா, நான் பொண்ணக் கட்டிக்கப் போறேனா, முட்டையக் கட்டிக்கப் போறேனா?" மறுநாள் அவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். குல்சினா என்றால் இங்கே இருப்பான், இல்லையென்றால் வசந்தம் முடிந்ததும் கிளம்புவான். அவன் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். துர்சுனைக்கு அதுதான் பயமாக இருந்தது. அப்படிக் கிளம்பிப் போன எத்தனை பிள்ளைகளின் குரலை அவளே தொலைபேசியில் இணைத்துக் கொடுத்திருக்கிறாள், முதல் வருஷம் வாரம் ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை, அப்புறம் பண்டிகைக்கு.

"போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்றார் கணவர் சத்தார்.

"போவோம். ஆனா அவங்க வீட்டு அடுப்புல, அவங்க தண்ணியில, நானே அவிச்சு உரிச்சு வைக்கிறேன். அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு பாக்கட்டும். தப்பு தண்ணியில இல்ல, தன் கையிலதான்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டான்னா கம்மலப் போட்டுட்டு வரேன். ஒத்துக்கலேன்னா கம்மல் என் பையிலேயே திரும்பி வரும்."

பெண் கேட்கப் போனால் பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டு வர வேண்டும், போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. துர்சுனை தன் மாமியார் போட்ட வெள்ளிக் கம்மலைத் துணியில் சுற்றி உள்பையில் வைத்துக்கொண்டாள். சத்தார், சாலியா, துர்சுனை மூவரும் எல்சாரின் காரில் கணவாய் இறங்கி ஓஷுக்குப் போனார்கள்.

குல்சினாவுக்கு அப்பா இல்லை. அம்மா தாஜிகான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு மகளைப் படிக்க வைத்தவள். மேலேயிருந்து பெண் கேட்டு வருகிறார்கள் என்றதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துர்சுனை தொலைபேசியில் முட்டையைத் தானே செய்வதாகச் சொன்னபோது முதலில் திகைத்தாள், பிறகு அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டாள். எப்போதும் சந்தையில் அட்டை அட்டையாக வாங்கும் முட்டை இந்த விருந்தாளிகளுக்கு ஆகுமா? பக்கத்து வீட்டுப் பாத்திமாவிடம் சொல்லி வைத்து, அன்று காலை கோழி இட்டதும் எடுத்த இருபத்தாறு முட்டைகளைத் துடைத்து வைத்திருந்தாள்.

"தொட்டுப் பாருங்க சம்பந்தி, இன்னும் வெதுவெதுன்னு இருக்கு" என்றாள்.

துர்சுனைக்கும் அது பிடித்திருந்தது. இவ்வளவு புத்தம்புது முட்டையை அவள் ஜென்மத்தில் கையில் பிடித்ததில்லை. இன்றைக்கு ஓடு தானாகவே கழன்று விழும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் குல்சினாவின் தாய்மாமன் புலாவ் கிளறிக்கொண்டிருந்தார். ஆண்களும் மற்றப் பெண்களும் பெரிய அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்சார் தெருவில் காரிலேயே இருந்தான், மாப்பிள்ளை உள்ளே வரக்கூடாது. முற்றத்தின் ஓரத்தில் இருந்த சமையலறையில் துர்சுனை அடுப்பை ஏற்றினாள். குல்சினா விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், முதல் முட்டையை உரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று துர்சுனை விட்டுவிட்டாள். பச்சைத் தண்ணீர், முட்டை, கொதி, மூன்று கிண்ணம் தேநீர். எதையும் மாற்றவில்லை. குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, ஆறவிட்டு, முதல் முட்டையை எடுத்தாள். ஒரு தட்டு, ஒரு உருட்டு, ஒரு இழுப்பு.

ஓட்டோடு பாதி வெள்ளைக்கரு வந்துவிட்டது.

சரி, ஒன்று அப்படித்தான் இருக்கும். இரண்டாவதை எடுத்தாள். அதில் ஓடு நகக்கண் அளவுக்குத் துண்டு துண்டாக வந்தது, ஒவ்வொரு துண்டோடும் சதை வந்தது. உள்ளே மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். மூன்றாவது, நான்காவது, ஏழாவது. தண்ணீருக்குள் முக்கி உரித்துப் பார்த்தாள். தலைப்பக்கம் தட்டிப் பார்த்தாள். பிஸ்மில்லா சொல்லி உரித்துப் பார்த்தாள். பன்னிரண்டாவது முட்டையில் அவள் விரல் நிஜமாகவே நடுங்கியது. அவள் உடம்பெல்லாம் வெட்கம். இந்த லட்சணத்தில் ஒரு முட்டையை வேறு எவளாவது அவள் முன்னால் வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு வரி வரியாகத் தெரியும்.

குல்சினா தேநீர்ப் பாத்திரத்தை நிரப்ப உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள், துர்சுனையைப் பார்த்தாள்.

"உங்க ஊர்த் தண்ணியே சரியில்ல" என்று துர்சுனை வாயிலிருந்து வந்துவிட்டது.

குல்சினா சிரித்திருக்கலாம். சிரிக்கிற உரிமை அவளுக்கு இருந்தது. சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முட்டையை எடுத்து உரித்தாள். அதுவும் பிய்ந்துதான் வந்தது. "தண்ணி இல்ல அத்தை. இன்னிக்குப் போட்ட முட்டை. புது முட்டையில வெள்ளைக்கரு உள்தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பத்து நாள் ஆனாத்தான் விட்டுக்குடுக்கும். உங்க ஊருக்கு வர்றதுக்குள்ள அது ஆயிடுது" என்றாள்.

"அப்போ என் கை?"

குல்சினா அடுத்த முட்டையை எடுத்தாள். அந்த முப்பது வருஷப் பேரில் பாதி கணவாய்க்கும் பாதி கடைக்காரர் கிடங்குக்கும் சொந்தம் என்று ஒரு மாமியாரிடம் எந்தப் பெண் வாயைத் திறந்து சொல்வாள்? மீதியை இருவருமாக உரித்தார்கள். இருபத்து நாலும் குண்டும் குழியுமாகத் தட்டில் கிடந்தன. இரண்டு மட்டும் தண்ணீரிலேயே கிடந்தன, அவற்றை உரிக்கத் துர்சுனைக்கு மனசு வரவில்லை.

குல்சினா தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது வாசலில் சாலியா நின்றாள்.

"அட ஆண்டவனே. யாரு உரிச்சது இத?"

"நான்தான்" என்றாள் குல்சினா. "அத்தை களைச்சுப்போயிருந்தாங்க, நான் வாங்கிச் செஞ்சேன்."

சாலியா திரும்பி அண்ணியைப் பார்த்தாள். துர்சுனை வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

பெரிய அறையில் தஸ்தர்கான் என்ற சாப்பாட்டுத் துணியைத் தரையில் விரித்து, ரொட்டியும் பாதாமும் வைத்து, புலாவ் வந்தது. மேலே அந்த முட்டைகள். தாஜிகான் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உங்க பொண்ணுதான் உரிச்சா. நானே கண்ணால பாத்தேன்" என்றாள் சாலியா.

தாஜிகான் கீழே உட்கார்ந்தாள். மடியில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள். "சம்பந்தி, உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். இவ வந்து சொல்லியிருக்கா. தகப்பன் இல்லாத புள்ள. மெஷின்ல உக்காந்தபடியே வளத்துட்டேன், அடுப்புப் பக்கத்துல நிறுத்திக் கத்துக்குடுக்க எனக்கு நேரம் இல்ல. குத்தம் என்மேலதான். வேணாம்னு சொன்னீங்கன்னா நான் வருத்தப்பட மாட்டேன். சாப்பிட்டுட்டு மட்டும் போங்க."

ஒருவரும் கை வைக்கவில்லை. குல்சினா கதவோரம் தேநீர்ப் பாத்திரத்தோடு தலை குனிந்து நின்றாள். ஜன்னல் வழியே தெருவில் கார் தெரிந்தது, ஸ்டியரிங்கின் மேல் எல்சாரின் இரண்டு கையும் தெரிந்தன. முட்டைச் சட்டப்படி பார்த்தால் கம்மல் பையிலேயே இருக்க வேண்டும், எல்சார் ரஷ்யாவுக்குப் போக வேண்டும். அந்தப் பெண் தட்டைத் தூக்கும்போதே இதெல்லாம் தெரிந்துதான் தூக்கியிருக்கிறாள். துர்சுனைக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"அத உரிச்சது நான்" என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தாஜிகானின் கண் நிறைந்துவிட்டது. "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு" என்றாள்.

"மனசெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் உரிச்சேன். அவ கடைசியில வந்து உதவினா, அவ்வளவுதான்."

"அண்ணி, தட்டு அவ கையில இருந்துச்சு. அவ வாயாலேயே சொன்னா" என்றாள் சாலியா.

"அவ பொய் சொன்னா."

"பாத்தீங்களா. இந்தப் பொண்ணக் காப்பாத்த இவங்க என்னவெல்லாம் சொல்றாங்க" என்று சாலியா சபையைப் பார்த்துச் சொன்னாள். அவள் குரலே மாறிவிட்டது. "முப்பது வருஷமா உங்கள நான் கல்நெஞ்சுன்னு நெனச்சிட்டிருந்தேன் அண்ணி. என்ன மன்னிச்சிடுங்க."

"யாரு கேட்டா உன் மன்னிப்ப? நான் சொல்றதக் கேளு."

"விடு துர்சுனை. எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு" என்றார் சத்தார், மனைவியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே.

துர்சுனைக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து சமையலறைக்குப் போய் மீதி இருந்த இரண்டு முட்டையையும் எடுத்து வந்து சபைக்கு நடுவில் உட்கார்ந்தாள். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒன்றைத் தட்டினாள், உருட்டினாள், இழுத்தாள். அது மஞ்சள் கரு வரைக்கும் கிழிந்தது. இரண்டாவது அதைவிட மோசம். "இப்பவாவது தெரியுதா?" என்று கையை நீட்டினாள். விரலெல்லாம் முட்டைத் துணுக்கு.

பக்கத்து வீட்டுப் பாத்திமா தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணும்னே கிழிக்கிறாங்க. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கெடைக்கும்" என்றாள்.

"அம்மா, அது புது முட்டை. புது முட்டைய யார் உரிச்சாலும் அப்படித்தான் வரும்" என்றாள் குல்சினா.

"நீ சும்மா இரு" என்று தாஜிகான் அதட்டினாள். "ஒரு மனுஷி உனக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிறாங்க, நீ முட்டை மேல பழி போடுற."

தாய்மாமன் முதல் கவளத்தை எடுத்தார். எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். பிய்ந்த முட்டையை இவ்வளவு பயபக்தியோடு யாரும் சாப்பிட்டு நான் கேள்விப்பட்டதில்லை. சாலியா இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் துர்சுனை உள்பையிலிருந்து துணியைப் பிரித்தாள். குல்சினா வந்து முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள், தலைத்துணியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், பேச்சு முழுக்கத் துர்சுனையின் பெருந்தன்மையைப் பற்றித்தான். கம்மலின் கொக்கி காதுத் துளைக்குள் போவதற்குச் சிரமப்பட்டது. துர்சுனை குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அன்னிக்குத் தண்ணியப் பத்தி நீ சொன்னது நெஜம்தான், இல்ல? நான் நம்பல."

"நீங்க இன்னிக்குச் சொன்னத யாரு நம்பினாங்க அத்தை?" என்றாள் குல்சினா.

துர்சுனை கொக்கியைப் பூட்டிவிட்டு அவளை அடுத்த காதைக் காட்டச் சொன்னாள்.